காற்றைக் கலந்தவர்

இந்தப் பிரபஞ்சம் தானாகத் தோன்றியதன்று. ஒரு நோக்கத்தோடு, முன்கூட்டியே, அளவெடுத்துத் திட்டமிடப்பட்டது என்ற பேருண்மையை உலகுக்கு ஆதாரத்துடன் நிரூபித்த ஊர் சிதம்பரம். இன்னும் துல்லியமாகச் சொன்னால், சிதம்பரத்தில் என்னுடைய டுடோரியல் காலேஜின் மொட்டைமாடி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டிருப்பதால் அதற்குக் 'கருத்தரங்கக் கூடம்' என்று பெயர்.

அங்கேதான் ஞாயிறுதோறும் 'பிரபஞ்ச நோக்க ஆய்வு மன்றம்' கூடும். தலைவர், ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர் ராமாமிர்தம். செயலாளர், அடியேன். உறுப்பினர்கள், என்னிடம் பத்தாம் வகுப்பைத் திரும்பத் திரும்ப எழுதும் மாணவர்கள். மன்றத்துக்கு வராதவர்களுக்கு ஹால் டிக்கெட் கையில் கிடைக்கத் தாமதமாகும் என்று ஒரு சிறு 'ஊக்கத் திட்டம்' வைத்திருந்தேன். ஆகவே கூட்டம் எப்போதும் நிரம்பி வழியும்.

தலைவர் கண்டுபிடித்த ஆதாரங்களைக் கேட்டால் எந்த நாத்திகனுக்கும் வேர்த்துவிடும். புடலங்காயின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் அது நேராக வளர்கிறது. எனவே கல்லைச் செய்தவரும் புடலங்காயைச் செய்தவரும் கலந்து பேசியிருக்கிறார்கள். அல்லது இருவரும் ஒருவரே. தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறதோ அந்தச் சூட்டில்தான் இட்லி வேகிறது. இது கொஞ்சம் முன்னே பின்னே ஆகியிருந்தால் தமிழினம் காலை உணவில்லாமல் வரலாற்றிலிருந்து மறைந்திருக்கும். முழங்கை எதிர்ப்பக்கமாக மடங்கியிருந்தால் சோறு வாய்க்கு வராது. பந்தி என்ற நாகரிகமே தோன்றியிருக்காது. இதையெல்லாம் தலைவர் சொல்லும்போது மாணவர்கள் முழங்கையை மடக்கி மடக்கிப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் 'செய்முறை வகுப்பு'.

மன்றத்தின் வரலாற்றில் ஒரே ஒரு சறுக்கல். 2005 ஜனவரி முதல் ஞாயிறன்று தொடக்க விழா வைத்து, 'கரையை மதிக்கும் கடல்' என்ற தலைப்பில் தலைவர் பேசுவார் என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். அதற்கு முந்தைய ஞாயிறு கடல் எழுந்துவந்து கடலூர்க் கரையின் குப்பங்களைத் துடைத்துக்கொண்டு போனது. பிணங்களை எடுத்து முடிக்கவில்லை. நான் ஓடிப்போய்த் தலைவரிடம் விழாவை என்ன செய்வது என்று கேட்டேன்.

"தலைப்பை மட்டும் மாத்திடுங்க" என்றார். "'கடல் கற்பிக்கும் பாடம்'னு போடுங்க. உள்ள பேச்சு அதேதான்."

மேதைகள் இப்படித்தான். நடந்த எதுவும் அவர்களுடைய பேச்சைத் தொந்தரவு செய்வதில்லை.

2009-இல் மன்றத்துக்குப் புகழ் ஆசை வந்தது. மாநாடு ஒன்று நடத்தலாம் என்றார் தலைவர். மாநாட்டுக்குப் புரவலர் தேவை. சிதம்பரத்தில் குடியிருந்த இளவரசு அவர்களைப் போய்ப் பார்த்தேன். கடலூரை ஒட்டிய செம்மங்குப்பம் பக்கம் தொழிற்பேட்டையில் இருக்கும் 'நறுமலர் கெமிக்கல்ஸ்' ஆலையின் பொது மேலாளர் அவர். ஆலை அங்கே இருக்க, அவர் தினமும் இத்தனை தூரம் காரில் போய்வருவது எங்கள் ஊரின் மேல் உள்ள பக்தியால் என்று நான் நினைத்திருந்தேன்.

"சார், பூமி சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டப் போயிருந்தாலும் நாம கருகியிருப்போம். எது எங்க இருக்கணுமோ அது அங்கதான் இருக்குது. இதுதான் எங்க கொள்கை" என்றேன்.

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட! இதைத்தான் சார் எங்க ஆலைக்குப் பக்கத்துல இருக்கிற ஜனங்களுக்கு நான் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்கேன். ஆலை இருக்க வேண்டிய இடத்துல ஆலை இருக்கு. ஜனங்க இருக்க வேண்டிய இடத்துல ஜனங்க இருக்காங்க. எல்லாத்துக்கும் ஒரு நோக்கம் இருக்கு."

"ஜனங்களுக்கு என்ன நோக்கம் சார்?"

"அதை உங்க தலைவர் வந்து சொல்லட்டும். மாநாட்டை அங்கயே வைங்க. ஃபிளெக்ஸ், மைக், மேடை எல்லாம் ஆலை செலவு. காத்தைச் சோதிக்கிற கவர்மெண்ட் ஆபீசர் தேவசகாயத்தையும் மேடையில உக்கார வைங்க, தங்கமான மனுஷன். ஒரே ஒரு கண்டிஷன். பன்னெண்டு மணிக்கு நான் கிளம்பிடுவேன். அதுக்குள்ள முடிச்சிடணும்."

நேரத்தை மதிக்கும் இந்தக் குணத்தால் அல்லவா ஆலைகள் வளர்கின்றன!

ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, கூடங்கள் காலி. ஆலைக்கு மேற்கே, ரோட்டைத் தாண்டினால் மேட்டுத்தெரு. அங்கே பஞ்சாயத்து சமுதாயக் கூடம் இருந்தது. சாவி வார்டு மெம்பர் மங்கலத்திடம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். நான் போனபோது தன் மகள் சிந்துஜாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பகல் மூன்று மணி. அந்தச் சிறுமி மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. தெருவிலே ஒரு நாற்றம். அழுகிய முட்டையும் நெயில் பாலிஷும் ஒரே டப்பாவில் கலந்த மாதிரி. நான் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன்.

"கர்ச்சீப்புல நிக்காது சார்" என்றார் மங்கலம். "உக்காருங்க. இன்னா விசயம்?"

மாநாட்டின் நோக்கத்தையும், பிரபஞ்சத்தின் நோக்கத்தையும் விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அந்த ஆபீசரு மேடைக்கு வர்றாரா?"

"முன்னிலை அவர்தாம்மா."

"எங்க மானேஜரும்?"

"தலைமைப் புரவலர்."

மகளின் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டு மங்கலம் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "கேளுங்க சார். காலையில மேக்கத்திக் காத்து. ஆலைப் பொகையெல்லாம் கடல் பக்கம் போயிடும். மதியம் ரெண்டு மணி வாக்குல காத்து திரும்பும். கடலு காத்து. அப்பறம் பொக பூரா எங்க தெருவுலதான். ஆபீசரு பத்து மணிக்கு வருவாரு. மிஷினை வச்சிப் பாப்பாரு. காத்து சுத்தமா இருக்குதுன்னு எழுதிக்கினு பன்னெண்டுக்குப் பூடுவாரு. ஒரே ஒரு நாள் ரெண்டு மணிக்கு வாங்கன்னு எத்தினி மனு குடுத்துட்டோம்! மதியத்துல ஜீப்பு கெடைக்காதுன்றாரு. இவ அரை நாள்தான் பள்ளிக்கூடம் போவுது. மதியம் ஆனா கடலூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடறேன். அங்க மூஞ்சிக்கு மாஸ்க் போட்டு மருந்து வைக்கிறாங்க. இன்னும் எத்தினி வருசம் ஓடறது, சொல்லுங்க?"

பிரபஞ்சம் பற்றித்தான் எனக்குத் தெரியும்.

"எங்க ஊர்ல கல்யாணப் பந்தியே பதினொன்னரைக்கு முடிஞ்சிடும் சார். காதுகுத்து, கருமாதி எல்லாம் அப்பிடித்தான். அதுக்கு மேல எலை போட்டா எவனும் வாய்ல வைக்க முடியாது" என்றவர், சற்று நிறுத்திப் புன்னகைத்தார். "கூடம் ஃப்ரீயா எடுத்துக்கோங்க. மதியச் சாப்பாடு எங்க தெரு செலவு. வஞ்சிரம் வறுவல், மீன் கொழம்பு, பாயசம். ஆனா எலை எப்ப போடறதுன்னு நாங்கதான் சொல்லுவோம்."

மாநாட்டுக்கு மக்கள் வருவது சாப்பாட்டுக்காக. அந்தச் சாப்பாடு இலவசம் என்றால் எந்தச் செயலாளர் வேண்டாம் என்பார்? மானேஜரின் பன்னிரண்டு மணியை நான் சொல்லவில்லை. அந்த அம்மாளும் கேட்கவில்லை.

மாநாட்டு நாள், புதன்கிழமை. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். அதில் சூரியன், ஒன்பது கிரகங்கள், ஒரு புடலங்காய், இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக இளவரசு அவர்கள். கிரகங்கள் இப்போது எட்டுதான், விஞ்ஞானிகள் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒரு மாணவன் சொன்னான். அவனை வெளியே அனுப்பினேன். புரவலரின் படத்துக்குக் கீழே அவருடைய சொந்த செல் நம்பரைப் பெரிய எழுத்தில் போட்டு, 'வாழ்த்த விரும்புவோர் அழைக்கவும்' என்று நன்றியுணர்ச்சியோடு நானே சேர்த்திருந்தேன்.

பத்து மணிக்குத் தேவசகாயம் வந்தார். கூடத்து வாசலில் மிஷினை வைத்தார், காற்றைச் சோதித்தார், "நல்ல காத்து" என்று அறிவித்தார். மிஷினை ஜீப்பில் ஏற்றி ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, வஞ்சிரம் உண்டா என்று விசாரித்துக்கொண்டு மேடையேறினார். திரும்பும்போது இளவரசு அவர்களின் காரில் போவதாக ஏற்பாடு.

வரவேற்புரை நான். பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து தொடங்கி மேடையில் இருப்பவர்கள்வரை வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு தலைவர் புடலங்காயோடு எழுந்தார். பதினொன்றே முக்காலுக்கு இளவரசு வாட்சைப் பார்த்தார். அப்போதுதான் மங்கலம் மைக்கைப் பிடித்தார்.

"எங்க ஊருக்கு மொதோ மொதோ மேடையேறி வந்திருக்கிற மானேஜர் ஐயாவுக்கு, மேட்டுத்தெரு சார்புல, வூட்டுக்கு ஒரு பொன்னாடை!"

எங்கள் நாட்டில் ஒருவரை மேடையிலிருந்து இறங்கவிடாமல் தடுக்கக் கயிறு தேவையில்லை. பொன்னாடை போதும். கழுத்தில் துணி விழுந்துகொண்டிருக்கும்போது யாரும் நடந்துபோக முடியாது. போனால் திமிர் பிடித்தவன் என்பார்கள். தெருவின் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ. போட்டோகிராபர் ஃபிளாஷ் அடிக்கவில்லை என்று மறுபடியும் போடச் சொன்னார். பொன்னாடை தீர்ந்ததும் ஈரிழைத் துண்டு போட்டார்கள். இளவரசு அவர்களின் முகம் மட்டும் துணிகளுக்கு மேலே தெரிந்தது. அந்த முகம் பிரபஞ்சத்தில் எந்த நோக்கத்தையும் காணவில்லை.

பன்னிரண்டரைக்கு ஒருவழியாகக் கீழே இறங்கினார். கார் அருகே போனால் டிரைவர் பக்கிரி பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான்.

"ஸ்டார்ட் ஆவல சார்."

"காலையில நல்லாத்தானேடா வந்துச்சு?"

"காலையில நல்லாத்தான் சார் இருந்துச்சி. இந்த ஊர்ல எல்லாமே காலையில நல்லாத்தான் இருக்கும்."

மங்கலம் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "பக்கிரி மாமா, அவசரப்படாம பாரு. சார் சாப்ட்டுட்டுத்தான் போவணும். பசியோட அனுப்பிட்டா தெருவுக்கே அவமானம்."

பக்கிரி அந்தத் தெருக்காரன் என்பதை இளவரசு அன்றுதான் தெரிந்துகொண்டார். ஆறு வருஷமாக அவன் ஓட்டிய காரில் பின் சீட்டில் உட்கார்ந்தவர்தான். மீண்டும் மேடைக்கு வந்து உட்கார்ந்தார். தேவசகாயம் இலை எப்போது என்று இரண்டு தடவை கேட்டார். "இதோ, கொழம்பு ஒரு கொதி" என்ற பதில் இரண்டு தடவையும் வந்தது.

தலைவருக்கு இதெல்லாம் தெரியாது. கேட்க ஆள் இருக்கும்வரை பேசுவது அவர் இயல்பு. இரண்டு மணி சுமாருக்கு அவர் தம் வாழ்நாளின் உச்சத்தை எட்டினார்.

"காற்றை எடுத்துக்கொள்ளுங்கள்!" என்று இரண்டு கைகளையும் விரித்தார். "ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். கொஞ்சம் கூடினால் ஒரு தீக்குச்சியில் ஊரே எரியும். கொஞ்சம் குறைந்தால் மூச்சுத் திணறும். இவ்வளவு கச்சிதமாக, இவ்வளவு அளவாக இந்தக் காற்றைக் கலந்தது யார்? நான் கேட்கிறேன், கலந்தது யார்?"

கூடத்தின் கிழக்கு ஜன்னல்களில் தோரணம் உள்பக்கமாக ஆடியது. காற்று திரும்பிவிட்டது. முதலில் முன்வரிசை மாணவன் இருமினான். பிறகு எல்லா வரிசைகளும். அழுகிய முட்டை வந்தது. அதன் பின்னால் நெயில் பாலிஷ் வந்தது. இரண்டுக்கும் பின்னால், தொண்டையில் உப்புத்தாள் தேய்த்தாற்போல் ஏதோ ஒன்று வந்தது. தலைவர் வாயைத் திறந்தபடி நின்றார். அவருக்கே மூச்சு வரவில்லை.

"கலந்தது யாருன்னு பக்கத்துல உக்காந்திருக்கிறவரைக் கேளுங்க சார்" என்றார் மங்கலம். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

மேடையில் பொன்னாடைகளுக்கு வேலை வந்தது. தேவசகாயம் ஒன்றை எடுத்து மூக்கில் சுற்றினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மங்கலம் அவர் எதிரே வந்து நின்றார்.

"இப்ப எழுதுங்க சார். இப்ப சொல்லுங்க, நல்ல காத்தா?"

"நாத்தம் இருக்கும்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா மிஷின் ஆபீசுக்குப் போயிடுச்சே!"

"உங்களுக்கு மூக்கு இல்லியா?"

"மூக்கு இருக்கும்மா. அது அரசு அங்கீகாரம் பெற்ற கருவி இல்ல."

அந்த நேரத்தில் இளவரசு அவர்கள் மேடையின் ஓரத்துக்குப் போய், ஒரு துண்டால் வாயை மூடிக்கொண்டு, செல்போனில் இரண்டே வாக்கியம் பேசினார். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கூடம் முழுவதும் பார்த்தது.

"எலை போடுங்கடி" என்றார் மங்கலம்.

மீன் குழம்பு ஊற்றும்போது நாற்றம் இருந்தது. ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. வறுவல் வந்தபோது கொஞ்சம் குறைந்தது. ரசம் வரும்போது நாற்றம் அடியோடு இல்லை. கடல்காற்று அப்படியே அடித்துக்கொண்டுதான் இருந்தது. தோரணம் உள்பக்கமாகத்தான் ஆடியது. காற்று அதே காற்று. கலந்திருந்தது மட்டும் காணாமல் போயிருந்தது.

தலைவருக்குக் குரல் திரும்பியது. "பார்த்தீர்களா! இயற்கை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் அற்புதம்!" என்று இலையிலிருந்தபடியே முழங்கினார். மாணவர்கள் கைதட்டினார்கள். ஹால் டிக்கெட் இன்னும் கொடுக்கவில்லை.

மங்கலம் ரச வாளியோடு இளவரசு அவர்களின் இலை முன்னால் நின்றார். சிந்துஜா அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்காமல், பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு போனுல நிக்குமா சார் இது?"

இளவரசு சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தார்.

"ஒரு போனுல நிக்கும்னா இத்தினி வருசம் ஏன் சார் நிக்கல? எம்புள்ள என்னா பாவம் பண்ணிச்சி?"

"அது வந்தும்மா, டெக்னிக்கல் விசயம். உங்களுக்குப் புரியாது."

"தோ, புரிஞ்சிடுச்சே" என்று ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். கார் அப்போது தானாக ஸ்டார்ட் ஆனது. இதையும் தலைவர் இயற்கையின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் தேவசகாயம், நடந்ததை 'உரிய முறையில்' விசாரிக்க மிஷினோடு வந்தார். காலை பத்து மணிக்கு. நல்ல காற்று என்று எழுதிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குப் போனார்.

ஆனால் மேட்டுத்தெருவில் அன்றிலிருந்து ஒரு புதிய வழிபாடு தொடங்கியது. பகலில் காற்று திரும்பியதும், வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். ஃபிளெக்ஸில் நான் போட்ட நம்பருக்கு. செலவு கிடையாது, ஐயர் தேவையில்லை, பாதிரியார் தேவையில்லை. முதல் பத்துப் பதினைந்து நாள் பக்தர்களின் வேண்டுதல் உரியவர் காதில் விழுந்தது. நாற்றம் வரும், மணி அடிக்கும், நாற்றம் நிற்கும். சிந்துஜா அந்த நாட்களில் சாயங்கால மணி அடிக்கும்வரை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மூன்றாம் வகுப்பில் மதியம் பாட்டு உண்டு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒருநாள், 'நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் குரல் தெருவுக்கே சொன்னது. சிந்துஜா மீண்டும் அரை நாள் மாணவி ஆனாள்.

மங்கலம் பஸ் ஏறிச் சிதம்பரத்துக்கு வந்தார். மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவர் மூச்சு வாங்கியது கோபத்தால்.

"புது நம்பரு உங்ககிட்ட இருக்கும்ல சார்?"

இருந்தது. அடுத்த மாநாட்டுக்கு நன்கொடை கேட்க வசதியாக இளவரசு அவர்களே தலைவரிடம் தந்திருந்தார். "ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்; ஜனங்கள் தொந்தரவு ஜாஸ்தி" என்று தலைவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

ரகசியமா? எவ்வளவு பெரிய அநீதி! ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனித குலம் தேடியது இப்படிப்பட்ட ஒருவரைத்தானே? மேற்கத்திக் காற்றுக்கு ஒரு நேரம், கடல்காற்றுக்கு ஒரு நேரம், ஆபீசருக்கு ஒரு நேரம், ஆலையில் புகையைத் திறந்துவிடும் வால்வுக்கு ஒரு நேரம் என்று எல்லாவற்றையும் அளந்து வைத்தவர். ஒரு குழந்தையின் மூச்சை இரண்டே வாக்கியத்தில் கொடுக்கவும் எடுக்கவும் வல்லவர். தம் வீட்டை மட்டும் எந்தக் காற்றும் தொடாத தூரத்தில் வைத்துக்கொண்டவர். எங்கள் மன்றம் கண்டுபிடித்த ஒரே உண்மையான ஆதாரம் அவர். புடலங்காய் அவருக்கு ஈடாகாது.

ஆகவே செயலாளர் என்ற முறையில், தலைவரைக் கலக்காமல், புதிய ஃபிளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்று, குறிஞ்சிப்பாடியில் ஒன்று, சிதம்பரத்தில் அவர் வீட்டு வாசலுக்கு எதிரே ஒன்று. இந்தத் தடவை சூரியன் இல்லை, கிரகங்கள் இல்லை. அவர் படம் மட்டும். கீழே புது நம்பர். அதற்கும் கீழே: 'காற்றைக் கலந்தவர் இவரே. வாழ்த்த விரும்புவோர் பகல் இரண்டு மணிக்கு மேல் அழைக்கவும்.'